சம்பளத்தைக் கூட்டியும் ஏன் போகிறார்கள்?

கேள்வி: கணக்கு, தணிக்கை, வரி மூன்றும் பார்க்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. மூன்று வருடத்தில் ஆறு இளைஞர்களைச் சேர்த்தோம். ஐந்து பேர் இரண்டாவது வருடம் முடிவதற்குள் போய்விட்டார்கள். சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தோம், பயனில்லை. நேர்காணலுக்கு வருகிறவர்களோ, "இதையெல்லாம் இனிக் கம்ப்யூட்டரே செய்துவிடுமே" என்கிறார்கள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லையா, எங்களிடம்தான் கோளாறா?

பதில்: தகுதித் தேர்வுக்காக வருடக்கணக்கில் படிக்கிற பிள்ளைகளைப் பொறுமை இல்லாதவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. போன ஐவரும் கடைசி ஆறு மாதம் என்ன வேலை பார்த்தார்கள் என்று டைம்ஷீட்டை எடுத்துப் பாருங்கள். ஒருவர் வவுச்சர் மட்டும், இன்னொருவர் வங்கிக் கணக்கையும் நம் பதிவையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் மட்டும் என்று இருந்தால், காரணம் அங்கேதான் இருக்கிறது.

என் முதல் வருடமும் அப்படித்தான் போனது. ஒரு நாள் சீனியர் என்னைச் சரக்கு எண்ணிக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேரேட்டில் முழு விலையில் நின்ற சரக்கு, கிடங்கின் மூலையில் தூசி படிந்து கிடந்தது. "இதை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு?" என்று கேட்டார். அடக்கவிலை, விற்றால் கைக்கு வரும் நிகரத் தொகை, இரண்டில் எது குறைவோ அதையே காட்ட வேண்டும் என்ற விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். அது எதற்காக என்று அன்றுதான் புரிந்தது. இந்தத் தொழிலில் நான் தங்கியது அந்த ஒரு கேள்வியால்தான்.

அதனால், சிறிய வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கை, முதல் வவுச்சரிலிருந்து இறுதி அறிக்கை வரை, ஒரே இளைஞரிடம் முழுதாகக் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள். வாடிக்கையாளரிடம் அவரே பேசட்டும்.

அப்புறம், திருத்தம். சர்வதேசத் தணிக்கைத் தரம் 220, தணிக்கைக்குப் பொறுப்பேற்கும் பங்குதாரரின் கடமையாக வழிநடத்தல், மேற்பார்வை, மறுஆய்வு என்று மூன்றைச் சொல்கிறது. நான் பார்த்த பல அலுவலகங்களில் மூன்றாவது மட்டும்தான் நடக்கிறது. உழைத்துக் கொடுத்த கோப்பு இரண்டு வாரம் மேஜையில் கிடக்கும். கெடு நெருங்கும்போது, ராத்திரி ஒன்பது மணிக்கு, நாற்பது குறிப்புகளோடு திரும்பி வரும். அந்த ராத்திரியில்தான் பிள்ளைகள் வேறு வேலை தேட ஆரம்பிக்கிறார்கள். வேலை தொடங்கும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து, இந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது, தவறு எங்கே ஒளிந்திருக்கலாம் என்று பேசிவிடுங்கள். குறிப்புகள் பாதியாகக் குறையும்.

தேர்வு விடுமுறையை வருட ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு வேலை வந்தாலும் அதில் கைவைக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் பயத்துக்கு மழுப்பலான பதில் வேண்டாம். 1979இல் விசிகால்க் என்ற, தனிநபர் கம்ப்யூட்டருக்கான முதல் விரிதாள் (எக்செல் மாதிரி) மென்பொருள் விற்பனைக்கு வந்தது. அதுவரை ஓர் எண்ணை மாற்றினால் தாள் முழுவதையும் திரும்பக் கூட்ட வேண்டும். அந்த வேலை போனது. 'விற்பனை இவ்வளவு குறைந்தால் என்ன ஆகும்?' என்று பத்து விதமாகப் போட்டுப் பார்க்கும் வேலை வந்தது. இப்போதும் பதிவு போடுவது, பொருத்திப் பார்ப்பது எல்லாம் மென்பொருளுக்குப் போகும். அந்தக் கிடங்கில் என் சீனியர் கேட்ட மாதிரி கேட்க ஆள் வேண்டும். ஆனால் ஒன்று: நீங்கள் இன்னும் பதிவு போடும் வேலையை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால், அவர்களின் பயம் சரிதான்.

சம்பளம் கூட்டியது நல்லதே, அதைக் குறைத்துவிடாதீர்கள்.

ஆறு பேரில் ஒருவர் இன்னும் உங்களிடம் இருக்கிறாரே, அவரிடம் பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த வாடிக்கையாளர் சந்திப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வரும் வழியில், அங்கே என்ன கவனித்தார் என்று கேளுங்கள்.