வீட்டு வெளிச்சத்துக்கும் உள்ளே வைக்கும் செடிக்கும் எத்தனை வாட் எல்இடி பல்பு வாங்கலாம்?

ஹாலுக்கு 9 வாட் போதுமா, 12 வாட் வாங்கினால் அதிலேயே செடியும் வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில் எட்டாத அடுக்குமாடி வீடு என்றுதான் நினைக்கிறேன். வெயில் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

வாட் என்பது பல்பு இழுக்கிற மின்சாரம். வெளிச்சத்தின் அளவு லூமன், அது அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். 1 வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தந்தால் நல்ல பல்பு. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு 2000 லூமன் இருந்தால் நிறைவாக இருக்கும். ஒற்றை 9 வாட் பல்பு அந்த ஹாலுக்குப் பற்றாது. வீட்டு விஷயம் இவ்வளவுதான். செடி விஷயத்தில்தான் நான் பட்டிருக்கிறேன்.

2022 ஐப்பசியில் அம்மா எங்களோடு இருக்க சென்னைக்கு வந்தார். கும்பகோணம் வீட்டு மாடத்துத் துளசியிலிருந்து ஒரு கன்றைத் தொட்டியில் வைத்து, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. எதிரே பத்தடியில் இன்னொரு கட்டடம். மூன்றே வாரத்தில் துளசி இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பார். எனக்குத் தாங்கவில்லை.

இணையத்தில் பார்த்து, செடிக்கென்றே விற்கிற ஊதா வெளிச்ச விளக்கு ஒன்று வாங்கினேன். சிவப்பும் நீலமும் மட்டும் எரியும் வகை. அந்த இரண்டு நிறத்தையும் இலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சளடித்திருக்கிறதா, மாவுப்பூச்சி வந்திருக்கிறதா, எதுவும் புரியாது. அம்மாவுக்கு அப்போதுதான் கண்புரை அறுவை முடிந்திருந்தது. அந்த விளக்கு எரிந்தால் ஹாலுக்கே வரமாட்டார். அப்புறம்தான் சாதாரண வெள்ளை எல்இடியே போதும் என்று தெரிந்தது. உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லுதான். மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு அதில் ஒரு பங்கை மற்ற நிறங்களாக மாற்றுகிறது. ஆக, செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் அதில் இருக்கின்றன.

20 வாட், 6500 கெல்வின் பல்பு, அதாவது பகல்போல் வெள்ளை வெளிச்சம் தருவது, ஒன்றை வாங்கி, தொங்கு ஹோல்டரில் மாட்டித் தொட்டிக்கு ஒரு அடி மேலே இறக்கினேன். செல்போன் செயலியில் அளந்தால் இலையின் உயரத்தில் 5000 லக்ஸ் அளவில் காட்டியது. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் வந்து விழுகிற வெளிச்சத்தின் அளவு. அதே பல்பு கூரையில் இருந்தபோது தரையில் 100 லக்ஸ்கூட வரவில்லை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். கூரை விளக்கை எத்தனை வாட்டுக்கு மாற்றினாலும் மூலையில் நிற்கும் செடி பிழைக்காது என்று நான் சொல்வது இதனால்தான். செல்போன் அளவு துல்லியமில்லை என்று யாராவது வருவீர்கள். தெரியும். 100-க்கும் 5000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும்.

மின்சாரம் வீண் என்றும் சிலர் சொன்னார்கள். டைமர் வைத்து நாளைக்கு 12 மணி நேரம் எரிகிறது. இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட். அம்மாவின் துளசிக்கு அது எனக்குப் பெரிதில்லை.

இத்தனைக்கும் தேவையே இல்லை. எங்கள் மொட்டை மாடியில் நாளெல்லாம் வெயில் காய்கிறது. தொட்டி வைத்தால் தண்ணீர் கசியும் என்று குடியிருப்போர் சங்கம் சாவியைப் பூட்டி வைத்திருக்கிறது. ஏசி வெளி யூனிட்டுகள் சொட்டலாம், டிஷ் ஆன்டெனாவுக்கு ஆணி அடிக்கலாம், எழுபத்து நான்கு வயதுக்காரர் ஒரே ஒரு துளசித் தொட்டி வைக்கக் கூடாதாம். தட்டு வைத்து, தண்ணீர் வழியாமல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியும் கொடுத்தேன். பதிலே இல்லை. பராமரிப்புத் தொகை மட்டும் மாதம் தவறாமல் நாங்களும் கட்டுகிறோம்.

சரி, துளசிக்கு வருகிறேன். ஒன்றரை மாதத்தில் கணுக்களில் தளிர் வந்தது. ஊரில் இருந்ததுபோல் அடர்த்தியாக வளரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வெயில் செடி. நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும், பல்பு அதற்கு ஈடாகாது. மணி பிளான்ட்டும் பாம்புச் செடியும் இதே பல்பின் ஓரத்திலேயே தளதளவென்று இருக்கின்றன. சித்திரையிலிருந்து ஆவணி வரை சூரியன் வடக்கே சாய்வதால் எங்கள் பால்கனிக்கும் காலை வெயில் கொஞ்சம் எட்டும். அப்போது துளசியை அங்கே வைத்துவிட்டு, புரட்டாசியில் மறுபடி பல்பின் கீழே கொண்டுவருகிறோம்.

உங்களுக்கு நான் சொல்வது: ஹாலுக்கும் செடிக்கும் தனித்தனிப் பல்பு வாங்குங்கள். செடிக்கு 6500 கெல்வின், படுக்கையறைக்கு மஞ்சள் சாயலான 3000 கெல்வின். நிறத் துல்லியத்தைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90 என்று போட்டிருந்தால் சிவப்பும் நன்றாக இருக்கும், இரண்டுக்கும் நல்லது. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டாதீர்கள், சூட்டில் உள்ளிருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று போய்விடும். என்ன செடி, ஜன்னல் எந்தத் திசை என்று கருத்தில் எழுதினால் எவ்வளவு உயரத்தில் தொங்கவிடலாம் என்று சொல்கிறேன்.