பதில்: மஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் ஏன் இவ்வளவு சத்தம்?

கோண்டாவிலில காலமை ஸ்டார்ட் பண்ணினா அயலட்டை முழுக்க எழும்புது, புதுசா ஒரு சாதாரண சைலன்சர் போட்டும் ரெண்டு மாதத்தில பழையபடி எண்டு எழுதியிருக்கிறியள். அது அப்பிடித்தான் வரும்.

இந்தக் காரில இருக்கிறது ரோட்டரி எஞ்சின்: பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்தும், வால்வு இல்லை. பிஸ்டன் எஞ்சினில வால்வு படிப்படியாத் திறக்கும். இங்க ரோட்டர் முனை போர்ட்டை (புகை வெளியேறுற துவாரத்தை) தாண்டின உடன, அழுத்தம் இறங்காத புகை ஒரேயடியாப் பாயும். 13பி எண்ட ரெண்டு ரோட்டர் எஞ்சினில 6000 ஆர்பிஎம்முக்கு செக்கனுக்கு 200 வெடிப்பு. பிறகு வந்த ஆர்எக்ஸ்-8 கார் கொஞ்சம் சாது, அதில போர்ட் பக்கச்சுவரில.

புகையின்ர சூடும் கூட. சைலன்சருக்குள்ள இருக்கிற கண்ணாடிப் பஞ்சு பொரிஞ்சு வெளியால போயிடும், மிச்சம் வெறும் தகரம். சைலன்சருக்குள்ள இருக்கிற துளைக்குழாயில முதல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வூல், அதுக்கு மேல செராமிக் பஞ்சு சுத்துவியுங்கோ. கற்றலிட்டிக் கொன்வேர்ட்டரை (புகையைச் சுத்தமாக்கிற பகுதியை) கழட்டியிருந்தா அந்த இடத்துக்கு ரெசொனேட்டர், அதாவது சத்தம் குறைக்கிற அறை, கட்டாயம்.

காசு செலவழிக்க முதல் மனிபோல்ட் கஸ்கெட்டை (எஞ்சினும் புகைக்குழாயும் சேருற இடத்து அடைப்பை) பாருங்கோ. எஞ்சின் குளிரா இருக்கேக்க ஸ்டார்ட் பண்ணி, ஒராள் ஈரத்துணியால டெயில் பைப்பை ஒரு கணம் பொத்தட்டும். கசிவு இருந்தா முன்னுக்கு "டிக் டிக்" எண்டு கேக்கும், பொருத்தில கறுப்புக் கரியும் இருக்கும். அக்சிலரேட்டரில இருந்து கால் எடுக்கேக்க "டப்" எண்டு வெடிச்சா பிளக், கொயில் ரெண்டையும் சோதியுங்கோ.