கதவை அடிச்சுச் சாத்துற வயசு

தங்கச்சி, ஊரில ஒரு பார்வைக்கே அடங்கின உங்கட பன்னிரண்டு வயசுப் பெடியன், ஒஸ்லோ வந்த எட்டு மாசத்தில கத்துறான், கதவை அடிச்சுச் சாத்துறான். ஏசினால் பார்னேவேர்னே, அதான் இங்கத்தைப் பிள்ளைகள் பாதுகாப்புச் சேவை, அவனைத் தூக்கிக்கொண்டு போயிடுமோ எண்டு கேட்டிருந்தீங்கள்.

முதல்ல அந்தப் பயம். பிள்ளைக்குக் கை நீட்டுறது இங்க நோர்வேயில 1987 இல இருந்தே சட்டப்படி பிழை. லேசாத் தட்டினாலும், வெருட்டினாலும் பிழைதான். அதில விளையாடாதேங்கோ. ஆனால் இரவு பத்து மணிக்கு ஃபோனை வாங்கி வைக்கிறதுக்கு ஒருத்தரும் உங்களைப் பிடிக்க மாட்டினம். எங்கட ஆக்கள் ஒண்டில் பழையபடி அதட்டுவினம், இல்லாட்டிப் பயந்து முழுசாக் கையை விட்டிடுவினம். நான் ரெண்டும் செய்தனான்.

இங்க ஏழாம் வகுப்பு வரைக்கும் புள்ளி இல்லை. எட்டில தான் 1 இல இருந்து 6 வரை போடுவினம், 6 தான் ஆகக் கூட. மூத்தவள் கணக்கில 3 எடுத்துக்கொண்டு வந்து, சப்பாத்தும் கழட்டாமல் வாசலில நிண்டு அழுதாள். "இதுக்கெல்லாம் ஒரு அழுகையே? நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள்" எண்டன். கண்ணைத் துடைச்சுக்கொண்டு அறைக்குள்ள போயிட்டாள். பிள்ளை அடங்கீட்டாள் எண்டு எனக்குத் திருப்தி வேற. மூண்டு மாசம் கழிச்சு, பெற்றாரும் பிள்ளையும் ஆசிரியரோட இருந்து கதைக்கிற உத்விக்லிங்ஸ்சம்தாலேயில தான் தெரிஞ்சுது, சோதனை நாளெல்லாம் வயித்துக்குத்து எண்டு பள்ளிக்கூடத் தாதியிட்டப் போயிருக்கிறாள். அந்த மேசையில அது தெரியாமல் இருந்தது நான் ஒருத்தி தான்.

பிறகு கொம்யூன், அதான் நகரசபை, நடத்துற ஐசிடிபி எண்ட பெற்றார் வகுப்புக்குப் போனன். காசு இல்லை, நீங்களும் கேட்டுப் பாருங்கோ. இப்ப சின்னவன் ஃபோனுக்குக் கத்தினால், "கோவம் வரும்தான். ஃபோன் குசினியில தான் படுக்கும்" எண்டிட்டு நான் கோப்பை கழுவுவன். முந்தி "கத்தாதை" எண்டு நானும் சேர்ந்து கத்துவன், அவன் என்னட்ட அதைத்தான் பழகினவன்.

உங்கட மகன் நாள் முழுக்க, பாதி விளங்காத நொஸ்க் பாஷைக்குள்ள இளிச்சுக்கொண்டு இருந்திட்டு வாறான். கோவத்தைக் காட்ட அவனுக்கு வீட்டை விட்டால் வேற இடம் இல்லை. வந்த உடன "என்ன பிரச்சினை, சொல்லு" எண்டு முன்னால இருத்தி விசாரிக்காதேங்கோ. சாப்பாடு குடுங்கோ. பிறகு வெங்காயம் உரிக்கக் கூப்பிடுங்கோ.

என்ட மகள் அந்தக் கணக்குக் கதையைத் திரும்ப எடுத்தது, நான் புட்டுக்குத் தேங்காய் திருவேக்க. நான் நிமிர்ந்தும் பார்க்கேல்லை, "ம்" எண்டுகொண்டு திருவினன். முழுத் தேங்காயும் முடிஞ்சுது, அவள் முடிக்கேல்லை.