ஆலந்தலை வரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நடந்தே ஊர் பார்ப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஓர் ஆசை. இந்த மே மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். ஒரு நாள் முழுக்கக் கடற்கரை ஓரமாகவே மணப்பாடு வரை நடப்பது என்று திட்டம் போட்டேன். சுமார் 18 கிலோமீட்டர். நான், மனைவி, 11 வயது மகன், 8 வயது மகள். அம்மாவுக்கு முட்டுவலி என்பதால் சாப்பாட்டுப் பையோடு அவரைக் காரில் மணப்பாட்டுக்கு முன்னதாக அனுப்பிவிட்டோம்.

காலை 7 மணிக்குக் கிளம்பினோம். மணலில் கால் புதைந்தது. 9 மணிக்கே வெயில் தாங்கவில்லை. ஆலந்தலையைத் தாண்டியதும் மகள் அழ ஆரம்பித்தாள். மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. "பிள்ளைகளை ஏன் இப்படி வதைக்கிறீர்கள்" என்று மனைவிக்கும் எனக்கும் வாக்குவாதம். போன் செய்து காரை வரவழைத்தோம். பிள்ளைகள் ஏசி ஓட்டலுக்குத்தான் போகவேண்டும் என்று அடம் பிடித்ததால் மதியம் அங்கே பிரியாணி. மீன் விலை நம்பமுடியாத அளவுக்கு இருந்தது. அம்மா கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் புளித்துவிட்டது, கொட்டிவிட்டோம். புளியோதரையை மறுநாள் காலை லாட்ஜில் அம்மா மட்டும் சாப்பிட்டார். கரையில் மீனவர்கள் யாரையும் பார்க்க முடியாததிலும் எங்களுக்கு ஏமாற்றம். அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு, கூட்டம் இருக்கும் என்று நினைத்தோம்.

என் கேள்வி இதுதான். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு நடப்பதில் ஆர்வம் வரவைப்பது எப்படி?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் மீனவர்களைப் பார்க்காததற்குக் காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமையேதான். அந்தக் கரையில் இருப்பவை பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள். மீன் விலைக்குக் காரணம் தடைக்காலம். கிழக்குக் கரை முழுக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று விட்டுவைக்கிற காலம் அது. கால் புதைந்ததற்குக் காரணம் நீங்கள் காய்ந்த மணலில் நடந்தது. அலை வந்து திரும்பும் ஈர விளிம்பு இறுகிக் கிடக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதன் மேல்தான் ஓடுவார்கள். தலைமுறை பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள். 8 வயதுக் குழந்தை மே மாத வெயிலில் அழுததற்குத் தலைமுறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் மனைவி சொன்னது சரி.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. 'புளியோதரையை மறுநாள் காலை லாட்ஜில் அம்மா மட்டும் சாப்பிட்டார்.' மீன் விலைக்கும் மீனவர்களுக்கும் நடுவே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அப்படித் தாண்டிப் போகமுடியவில்லை.

சென்ற மாதம் திருச்செந்தூரில் நாழிக்கிணற்றுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு குடும்பம் மணலில் போர்வையை விரித்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பாட்டி. இலையில் சோற்றை எடுத்து வைத்துக்கொண்டே, கடந்து போன என்னை நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். முன்பின் தெரியாதவர். அதிலிருந்து சோறும் நடையும் எப்போது பிரிந்தன என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் நடந்த அதே கரையில் நான் எதிர்த்திசையில் நடந்திருக்கிறேன். எனக்கு அப்போது 9 வயது. வைகாசி விசாகத்துக்குக் குலசேகரப்பட்டினத்திலிருந்து திருச்செந்தூருக்கு. ஆச்சி, அம்மா, சித்தி, பிள்ளைகள் ஐந்து பேர். விசாகம் பௌர்ணமியை ஒட்டி வரும். அதனால் முதல் நாள் இரவு 11 மணிக்கு மேல் கிளம்புவோம். வலது கைப்பக்கம் கடல், தலைக்கு மேலே நிலா, காலுக்குக் கீழே குளிர்ந்த மணல். வெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்போது அனல்மின் நிலையமும் கடலுக்குள் நீண்டுபோகும் நிலக்கரிப் பாலமும் இருக்கிற கல்லாமொழிப் பக்கம் அன்று பனைகளும் இருட்டும்தான்.

முன்னால் நடந்தது யார் தெரியுமா? ஆச்சி. அவளுக்கும் முட்டுவலி உண்டு. வேப்பெண்ணெய் தேய்த்துத் துணி சுற்றியிருப்பாள். அவள் வேகம்தான் எங்கள் வேகம். பையன்கள் நாங்கள் முன்னால் ஓடுவோம், திரும்ப வருவோம், மறுபடி ஓடுவோம். 13 கிலோமீட்டரை இரண்டு தடவை நடந்திருப்போம், ஆனால் நடந்ததாகவே தெரியாது. ஆச்சி உட்கார்ந்த இடத்தில் எல்லோரும் உட்காரவேண்டும். உட்கார்ந்தால் ஏதாவது தின்னக் கிடைக்கும். முதல் உட்காரலில் கருப்பட்டித் துண்டும் தேங்காய்ச் சில்லும். உடன்குடிக் கருப்பட்டி, வாயில் ஒதுக்கிக்கொண்டால் அரை மைல் தாங்கும். ஆலந்தலைக்குப் பக்கத்தில், கிழக்கு வெளுப்பதற்கு முன்னால், கட்டுச்சோறு. விடிந்து திருச்செந்தூர் எல்லையில் பதநீர். பனையிலிருந்து அப்போதுதான் இறக்கியது. ஓலைப்பட்டையில் ஊற்றி, மாங்காயைக் கீறிப் போட்டுத் தருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கும்போது ஓலை வாசனையும் மாங்காய்ப் புளிப்பும் சேர்ந்து வரும். அந்தக் கரையைப் பற்றி எனக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் இந்த மூன்று இடங்களைத்தான் சொல்வேன். நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நீங்கள் ஆப்பில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டீர்கள். எங்கே பசிக்கும் என்று பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் அதைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் காரில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வழிக்குச் சோறு கட்டுவது சாதாரண வேலை இல்லை. புளியோதரைக்குச் சோறு உதிரியாக வேகவேண்டும். அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விசிறி ஆற்றவேண்டும். ஆறாத சோற்றை மூடினால் வேர்த்துக் கெட்டுவிடும். அப்புறம்தான் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைவது. வாழையிலையைத் தணலில் காட்டி வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. இவ்வளவும் செய்தால் இரண்டு நாள் தாங்கும். உங்கள் அம்மாவின் புளியோதரை மறுநாள் காலையிலும் நன்றாக இருந்திருக்கிறது என்றால் அத்தனையும் செய்திருக்கிறார் என்று அர்த்தம். லாட்ஜ் அறையில் அடுப்பு கிடையாது. எங்கே சமைத்தார்? யாரிடம் கேட்டு, எந்த வீட்டு அடுப்பில்? எத்தனை மணிக்கு எழுந்தார்? உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை.

தயிர்சாதம் 'புளித்துவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். பிரயாணத்துக்குத் தயிர்சாதம் பிசைகிறவர்கள் தயிரை அதிகம் ஊற்றமாட்டார்கள். சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, உறை ஊற்றுகிற மாதிரி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்ப்பார்கள். கிளம்பும்போது அது பால்சோறு. வெயில் ஏற ஏற, பைக்குள்ளேயே உறைந்து தயிர்சாதமாகும். விடிகாலை 4 மணிக்குப் பிசைந்தால் இந்த வெயிலுக்குப் பதினொன்று, பதினொன்றரைக்குச் சரியான பக்குவத்துக்கு வரும். அதாவது உங்கள் மகளுக்குப் பசிக்கும் நேரத்துக்கு. அம்மா அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பையைக் கட்டியிருப்பார். நீங்கள் அந்த நேரத்தில் ஏசி ஓட்டல் தேடிக்கொண்டிருந்தீர்கள். பை அவர் மடியில் இருந்தது. தயிர்சாதம் தானாகப் புளிக்கவில்லை, எஸ். நீங்கள் புளிக்க விட்டீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்கலாம். கோபம்தான். ஆனால் உங்கள்மேல் மட்டும் இல்லை. எனக்கு முப்பது வயது இருக்கும்போது அம்மாவைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேன். வேலையில் சேர்ந்து கையில் நாலு காசு புழங்கிய காலம். அம்மா ஒரு தூக்குவாளியில் எலுமிச்சைச் சோறும் வறுத்த கத்தரிக்காயும் கொண்டுவந்திருந்தாள். ஓட்டல் வாசலில் இறங்கும்போது, "அதை வண்டியிலேயே வச்சிட்டு வாம்மா, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றேன். வைத்துவிட்டு வந்தாள். ஓட்டல் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். அதற்கப்புறம் அவள் இருந்த ஆறு வருஷத்தில் நாங்கள் போன எந்தப் பயணத்துக்கும் சோறு கட்டவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

உங்களுக்கு ஆள் இருக்கிறார்.

சரி, பிள்ளைகள். மறுபடி போங்கள். பொங்கல் விடுமுறையில் போங்கள், அப்போது வெயில் இளசாக இருக்கும். மணப்பாடு வரை வேண்டாம், ஆலந்தலை வரை போதும், ஐந்து கிலோமீட்டருக்குப் பக்கம்தான் வரும். விடியும்போது கிளம்புங்கள். ஞாயிறு தவிர எந்த நாளானாலும் சரி. வள்ளங்கள் கரைக்கு வருவதையும் மீனை மணலில் கொட்டி ஏலம் கூறுவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும், அங்கே அரை மணி நேரம் நின்றால் நிற்கட்டும். அம்மா முன்னால் நடக்கட்டும். அவரால் ஒரு கிலோமீட்டர்தான் முடியும் என்றால் ஒரு கிலோமீட்டரில் உட்காருங்கள், அங்கேயே பையைப் பிரியுங்கள். மிச்ச தூரத்துக்கு அவரைக் காரில் ஏற்றுங்கள், ஆனால் பிள்ளைகளில் ஒருவர் அவரோடு போகட்டும். பனங்கிழங்கு கிடைக்கும் மாதம் அது. அவித்ததை வாங்கி நாரை உரித்துத் தின்ன மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள், எனக்குத் தெரிந்து போனை மறந்து அரை மணி நேரம் உட்கார வைக்கிற தின்பண்டம் அதுதான்.

மணப்பாட்டுக்குக் காரிலேயே போங்கள், தவறில்லை. 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்து தங்கிய குகை கடலைப் பார்த்தபடி இருக்கிறது, மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். ராக்கெட் பிடித்த பையன் என்றால் குலசேகரப்பட்டினத்தைக் காட்டுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டியிருக்கிறது. இங்கிருந்து நேராகத் தெற்கே கடல்தான், அதனால்தான் இங்கே ஏவுதளம் கட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

இதெல்லாம் பொங்கலுக்கு. இன்று ராத்திரி ஒரு வேலை இருக்கிறது. அம்மாவிடம் போய் உட்கார்ந்து, அன்றைக்குத் தயிர்சாதத்தை எத்தனை மணிக்குப் பிசைந்தீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுவோம் என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.