ஆளிவிதை எண்ணெயைத் தயிரில் கலந்து சாப்பிட்டால் என்ன பலன்? மட்டக்களப்பில் எதனுடன் சேர்க்கலாம்?

இந்தக் கலவையை 1950களில் பரப்பியவர் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் யோகன்னா புட்விக். அவர் சேர்த்தது குவார்க் என்னும் மென்மையான பாலாடைக்கட்டி. அதிலுள்ள கந்தகம் சேர்ந்த புரதம் எண்ணெயை உடலில் எளிதாகக் கரையவைக்கும் என்பது அவர் வாதம். உண்மையில் நடப்பது தேங்காய்ப்பாலில் நடப்பதுதான்: புரதம் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் பிடித்து, பிரியாமல் வைத்திருக்கும். கலவை வழுவழுப்பாக வரும், சாப்பிடவும் இலகு. அதற்கு மேல் மாயம் ஒன்றுமில்லை.

நம்மூரில் குவார்க் தேடி அலைய வேண்டாம். படுவான்கரைப் பக்கத்து எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு நன்றாக அடியுங்கள். சூடாக்கக் கூடாது. போத்தலை ஃபிரிட்ஜில் வையுங்கள், கசந்தால் கொட்டிவிடுங்கள்.

ஆளிவிதை எண்ணெயில் பாதிக்குமேல் தாவர ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்பு. ஆனால் மீனில் நேரடியாகக் கிடைக்கும் வகையாக அதில் கொஞ்சம்தான் உடலில் மாறும். ஆகவே, கடலும் வாவியும் பக்கத்தில் இருக்க, மீன் சாப்பிடுபவருக்கு இது அவசியமே இல்லை என்பேன். மீனிலும் முட்டையிலும் அந்தக் கந்தகப் புரதமும் உண்டு.

அப்புறம், புட்விக் சொன்னதுபோல் இது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பகமான சான்று கிடையாது. சிகிச்சையை நிறுத்தாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.