எக்ஸ்5 டீசலுக்கு 15டபிள்யூ-40 வேண்டாம்

மெக்கானிக் பேச்சைக் கேட்டு வாங்கிய அந்த 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. உங்கள் 2020 பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) பிஎம்டபிள்யூ எக்ஸ்5 டீசல் காருக்கு, அதைவிட இளக்கமான 5டபிள்யூ-30 போதும். ஆனால் டின்னின் பின்பக்கப் பொடி எழுத்தில் ‘பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04’ என்று கார் கம்பெனியின் தர ஒப்புதல் இருக்க வேண்டும்.

“நெல்லை வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்” என்று மெக்கானிக் சொன்னது பழைய லாரிக் கணக்கு. 30 என்ற எண்ணே 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டியை அளந்து கொடுத்தது. வெளியே வெயில் 40 டிகிரி அடித்தால் என்ன? அந்த லாரி ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அதிகம். அது, புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் படிந்தால் கரி மாதிரி எரிந்தும் போகாது.

ஆயில் மட்டம் ஏறுகிறது என்றீர்களே, அதற்குப் பாளையங்கோட்டை–ஜங்ஷன் என்ற குட்டி ஓட்டமே காரணமாக இருக்கலாம். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் பீய்ச்சும் டீசல், எரிப்பு முடியுமுன் பாதியில் வண்டியை நிறுத்தினால் ஆயிலில் இறங்கும்.

சமதளத்தில், இன்ஜின் சூடாக ஓடும்போது, திரையில் மட்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை நான்குவழிச் சாலையில் கோவில்பட்டி வரை போய்வாருங்கள்; நீண்ட ஓட்டத்தில் கரி எரிந்து முடியும். அப்புறமும் ஏறினால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மட்டம் இப்போதே மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் இந்த ஓட்டமெல்லாம் வேண்டாம், முதலில் ஆயிலை மாற்றுங்கள். கையேட்டில் வேறு தரம் போட்டிருந்தால் அதையே வாங்குங்கள்.