மொரீஷியஸ்: அரசியலை ஓரம் கட்டிய நாடா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொரீஷியஸிடமிருந்து பிரிட்டன் பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதியில் இருக்கிறேன். எங்கள் நண்பர்கள் பேச்சில் மொரீஷியஸ் அடிக்கடி வரும். கரும்பைத் தவிர ஒன்றுமில்லாத தீவு, 1970இல் ஏற்றுமதி மண்டலம் அமைத்து, வரிச்சலுகை கொடுத்து, இருபது வருடத்துக்குள் நிமிர்ந்துவிட்டது. அரசியலை ஓரம் கட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்த்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சரிதானா?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

ஏற்றுமதி மண்டலம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அரசியலை ஓரம் கட்டினார்கள் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தத் தீவு பிழைத்ததே ஓயாத அரசியல் பேரத்தால்தான்.

1968 மார்ச் 12 அன்று விடுதலை. அதற்கு இரண்டு மாதம் முன்னால் தலைநகர் போர்ட் லூயியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம். பிரிட்டிஷ் படை வந்துதான் அடக்கியது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் விடுதலையை எதிர்த்த தரப்புக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. பிற்பாடு நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், பெருகும் ஜனத்தொகைக்கு வேலை கொடுக்க இந்தத் தீவு படாதபாடு படும் என்று 1961லேயே எச்சரித்திருந்தார்.

முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் என்ன செய்தார்? விடுதலையை எதிர்த்த காயத்தான் டுவாலையே 1969இல் ஆட்சியில் சேர்த்துக்கொண்டார். அடுத்தது நிலம். மொரீஷியஸின் கரும்புக் காடுகளின் படங்களைப் பார்த்தால் நடுநடுவே கருங்கல் குவியல்கள் கோபுரம்போல நிற்கும். எரிமலை மண்ணில் கிடந்த கற்களை நம் ஊர்களிலிருந்தும் பீகாரிலிருந்தும் போன கூலிகள் கையால் பொறுக்கி அடுக்கியவை அவை. அந்தக் கூலிகளின் பிள்ளைகள் ஓட்டில்தான் ராம்கூலத்தின் தொழிற்கட்சி நின்றது. ஆனாலும் பிரெஞ்சு வம்சாவளி முதலாளிகளின் பெரிய தோட்டங்களை அவர் பறிக்கவில்லை. நிலத்தை அவர்களிடமே விட்டுவிட்டு, ஏற்றுமதியாகும் சர்க்கரைக்கு வரி போட்டார். முதியோர் பென்ஷன், மானிய அரிசி, 1977 முதல் இலவச இடைநிலைக் கல்வி ஆகியவற்றுக்கு அந்த வரி பெரிய துணை. இது ஓரம் கட்டப்பட்ட அரசியலா, சொல்லுங்கள்?

சர்க்கரைக்கு வந்த விலையும் பேரம் பேசி வாங்கியதுதான். ஐரோப்பா தன் முன்னாள் காலனிகளோடு செய்துகொண்ட 1975ஆம் ஆண்டு லோமே உடன்படிக்கையில் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் சர்க்கரையை உறுதியான விலைக்கு ஐரோப்பா எடுத்துக்கொண்டது. முன்னாள் காலனிகளுக்குக் கிடைத்த ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சின்னத் தீவுக்கே. பெரும்பாலான வருடங்களில் உலகச் சந்தை விலையைவிட அது மிக அதிகம். அந்த லாபத்தில் ஒரு பகுதியைத் தோட்ட முதலாளிகள் தையல் ஆலைகளிலும் ஹோட்டல்களிலும் போட்டார்கள்.

அப்புறம் நீங்கள் சொல்லும் மண்டலம். அதற்கு வெளியே நாடு திறந்த சந்தையாக இல்லை. இறக்குமதிக்குக் கடும் வரி நீடித்தது. மண்டலத்து ஆலைகளில் உட்கார்ந்து தைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய குறைந்தபட்சக் கூலி ஆண்களுடையதைவிடக் குறைவு. கூடுதல் நேர வேலையும் வேலைநீக்கமும் அங்கே முதலாளிக்குச் சாதகம். திருப்பூர்க்காரரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1980களில் வேலையில்லாத் திண்டாட்டம் கரைந்ததில் அந்தப் பெண்களின் பங்கே பெரிது என்பேன்.

இந்தப் பேரங்களில் அசிங்கமும் உண்டு. 1972இல் நடக்க வேண்டிய தேர்தலை 1976 வரை தள்ளிப்போட்டார்கள். தொழிற்சங்கங்களைக் கட்டிய இளம் தலைவர் பால் பெராஞ்சேயைச் சிறையில் போட்டார்கள். ஆனால் 1982இல் அதே பெராஞ்சேயின் கட்சிக் கூட்டணி 60 இடங்களை அள்ளியபோது, ஒரு இடமும் ஜெயிக்காத ராம்கூலம் பேசாமல் பதவியை விட்டு இறங்கினார். ஆட்சியைப் பிடித்துவைக்க ராணுவம் என்று ஒன்றும் அங்கே கிடையாது. புதிதாக விடுதலை பெற்ற எத்தனை நாடுகளில் இப்படி நடந்தது? எனக்கு இது அந்த மண்டலத்தைவிடப் பெரிய சாதனை.

ரூபாய் நோட்டில் யார் மொழி மேலே வர வேண்டும் என்பதுகூட அங்கே அரசியல். 1998இல் வந்த புதிய நோட்டில் தமிழைக் கீழே இறக்கி ஹிந்தியை மேலே வைத்தார்கள். 1730களிலேயே புதுச்சேரியிலிருந்து வந்து போர்ட் லூயியைக் கட்டியவர்கள் நாங்கள் என்று தமிழர்கள் கொதித்தார்கள். அந்த நோட்டுகளை மத்திய வங்கி திரும்பப் பெற்று, பழைய வரிசையில் அச்சடித்தது. வெளியிலிருந்து பார்க்கும் வியாபாரிக்கு இது வெட்டிச் சண்டையாகத் தோன்றலாம். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம் குரல் எழுப்பினால் அரசு பணிகிறது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், 1968இன் கலவரம் வருடாவருடம் நடந்திருக்கும்.

ஆனால் ஒரு பேரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1965 செப்டம்பரில் ராம்கூலத்தை லண்டனில் வைத்து, சாகோஸை பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தால்தான் விடுதலை சிக்கலில்லாமல் வரும் என்று பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் புரியவைத்தார். விலை 30 லட்சம் பவுண்டு. அந்தத் தீவுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக, சாகோஸில் பெரிய தீவான டியேகோ கார்சியாவை 1971இல் காலி செய்தபோது, கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அவர்களுடைய நாய்களை அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். 1973க்குள் எல்லாத் தீவுகளும் காலி. கப்பலில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் போர்ட் லூயியின் சேரிகளில் ஒண்டினார்கள். நாடு நிமிர்ந்த அந்த இருபது வருடமும் அவர்கள் அங்கேதான் கிடந்தார்கள்.

2019இல் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிவினை சட்டப்படி செல்லாது என்று கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலும் டியேகோ கார்சியா ராணுவத் தளத்துக்கு 99 வருடக் குத்தகை. மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்ற அந்த ஒப்பந்தத்தில் வழி உண்டு. டியேகோ கார்சியாவில் பிறந்தவர்கள் அங்கே திரும்பிக் குடியேற வழியில்லை.

அன்புடன்